பாதி ஆட்டத்தில் உட்கார வைத்த பிள்ளை

சகோதரிகளே, பரீட்சைக் காலம் நெருங்கினால் என் பெயருக்கு வரும் கடிதங்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "வீட்டில் கேட்டால் மளமளவென்று சொல்கிறான், ஹாலில் போய் உட்கார்ந்தால் எல்லாம் மறந்து போகிறது. என்ன செய்யலாம்?" என்று. இந்தத் தடவை ஒரு சகோதரி, "பையனுக்கு ராசி சரியில்லை என்கிறார் மாமியார், கொழுப்பு என்கிறார் மாமனார்" என்றும் எழுதியிருக்கிறார். நான் டாக்டரும் இல்லை, டீச்சரும் இல்லை. பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் இதே கேள்வியை ஒரு கூட்டமே விடிய விடியப் பேசிக் கேட்டிருக்கிறேன். பரீட்சையைப் பற்றி அல்ல, பந்தாட்டத்தைப் பற்றி! அதுவும் நம் ஊரில் இல்லை, அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில்.

2017 நவம்பரில் தங்கையின் பிரசவத்துக்காக அங்கே போயிருந்தேன். பர்மிங்காம் என்று ஊர். அம்மாவுக்கு முழங்கால் வலி, அவ்வளவு தூரம் விமானத்தில் உட்கார முடியாது என்று என்னை அனுப்பினார்கள். பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளையை வீட்டுக்காரரிடமும் மாமியாரிடமும் விட்டுவிட்டுத்தான் போனேன். அந்த வருடம்தான் பிளஸ் ஒன்னுக்கும் முதன்முதலாகப் பொதுப் பரீட்சை கொண்டு வந்திருந்தார்கள். மனசு பாதி இங்கே, பாதி அங்கே.

அந்த ஊரில் போய் இறங்கிய வாரமே தெரிந்துவிட்டது, அங்கே சாமிக்கு அடுத்தபடி காலேஜ் ஃபுட்பால்தான் என்று. நாம் பார்க்கிற காலால் உதைக்கிற ஃபுட்பால் இல்லை இது. பந்து உரித்த தேங்காய் மாதிரி இருக்கும், நிறமும் கிட்டத்தட்ட அதுவே. கையால்தான் எறிகிறார்கள், இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். மளிகைக் கடையில் பில் போடுகிற பெண், ஆஸ்பத்திரி நர்ஸம்மா எல்லாரும் "ரோல் டைட்!" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். அது அலபாமா பல்கலைக்கழகத்தின் கோஷமாம். சின்னம் என்ன தெரியுமா? ஆனை! அன்றையிலிருந்து எனக்கும் அந்த அணியின் மேல் ஒரு ஒட்டுதல் வந்துவிட்டது. அதே மாநிலத்தில் ஆபர்ன் என்று இன்னொரு பல்கலைக்கழகம். ஒரே வீட்டில் கணவன் இந்தக் கட்சி, மனைவி அந்தக் கட்சி என்று இருப்பார்களாம்.

ஆட்டம் புரிய எனக்கு மூன்று சனிக்கிழமை ஆயிற்று. பக்கத்துக்குப் பதினொரு பேர். பத்து கஜம் முன்னேற நாலு வாய்ப்பு. முன்னேறினால் மறுபடி நாலு. கடைசிக் கோட்டைத் தாண்டினால் 6 புள்ளி, கம்பத்துக்கு நடுவே உதைத்துவிட்டால் 3. இதில் குவார்ட்டர்பேக் என்று ஒரு பிள்ளை. ஒவ்வொரு முறையும் பந்து அவன் கைக்குத்தான் வரும். எதிர்ப்பக்கத்திலிருந்து நாலைந்து தடியன்கள், ஒவ்வொருத்தனும் நெல் மூட்டை கனம், அவனைச் சாய்க்க ஓடி வருவார்கள். எறிவதா, பக்கத்தில் இருப்பவனிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா? இரண்டு மூன்று விநாடிக்குள் முடிவு செய்ய வேண்டும். தடியன்கள் இப்படி நெருங்குவதற்கு அவர்கள் வைத்திருக்கிற பெயரே "பிரஷர்". நமக்குப் பிரஷர் என்றால் ஒன்று குக்கர், இல்லாவிட்டால் டாக்டர் கையில் பட்டை கட்டிப் பார்ப்பது.

அலபாமா அணியின் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ். டெக்சாஸ் மாநிலத்துப் பிள்ளை. அப்பாவே ஒரு ஹைஸ்கூல் ஃபுட்பால் பயிற்சியாளர். 2016இல் காலேஜில் சேர்ந்த முதல் வருஷமே முதல் ஆட்டக்காரனாகிவிட்டான். இரண்டு வருஷத்தில் அவன் தொடங்கிய 28 ஆட்டத்தில் 26 ஜெயம். நம் பிள்ளைகள் இப்படி மார்க் வாங்கினால் தெருவெல்லாம் மிட்டாய் கொடுப்போம். அங்கே என்னடாவென்றால் தோற்ற இரண்டைப் பற்றித்தான் பேச்சு!

தங்கை வீட்டுக்காரரும் அவருடைய ஆபீஸ் சிநேகிதர் ஒருவரும் (திருநெல்வேலிக்காரர்) வாராவாரம் இதற்காகவே சண்டை போடுவார்கள்.

"பெரிய ஆட்டம்னா இவனுக்குக் கை வராது, அக்கா. 2017 ஜனவரியில கிளெம்சன் கூட ஃபைனல். 31 தடவை எறிஞ்சான், 13தான் ஆள் கையில போச்சு" என்பார் மாப்பிள்ளை.

"அதே ஆட்டத்துல ரெண்டு நிமிஷம் மிச்சம் இருக்கறப்ப 30 கஜம் தானே ஓடி அணியை முன்னால கொண்டு வந்தது யாரு? ஒரு விநாடி பாக்கி இருக்கறப்ப எதிராளி அடிச்சுட்டுப் போனான். அப்போ இவன் வெளியில நின்னுகிட்டு இருந்தான். அது இவன் குத்தமா?" என்பார் சிநேகிதர்.

எனக்கு இரண்டும் சரியாகத்தான் பட்டது. 35க்கு 31 என்று தோற்ற ஆட்டம் அது. கடைசி விநாடியில் கிளெம்சன்காரன் பந்தை நழுவ விட்டிருந்தால் ஹர்ட்ஸ் வீரன், பிடித்துவிட்டதால் கை வராதவன். பிடித்தது யாரோ, பட்டம் இவனுக்கு.

2018 ஜனவரி 8, திங்கட்கிழமை. அலபாமாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் அட்லாண்டாவில் ஃபைனல். வீடு நிறையக் கூட்டம். நான் சுண்டலும் போண்டாவும் போட்டேன். பக்கத்து வீட்டு அம்மாள், ரிடையரான டீச்சர், கருஞ்சிவப்பு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒரு பாத்திரம் நிறைய வேகவைத்த வேர்க்கடலை கொண்டுவந்தார். அந்தப் பக்கத்தில் நம் மாதிரியே தோலோடு உப்புப் போட்டு வேக வைக்கிறார்கள். பாஷை தெரியாவிட்டாலும் கடலை எங்களைச் சேர்த்துவிட்டது. பச்சைக் குழந்தை என் மடியில். தங்கை உள்ளே பத்தியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பாதி ஆட்டம் முடிந்தபோது ஜார்ஜியா 13, அலபாமா சைபர். ஹர்ட்ஸ் எட்டுத் தடவை எறிந்து மூன்றுதான் சேர்ந்தது, மொத்தம் 21 கஜம். கூடத்தில் ஒருவர் பாக்கி இல்லாமல் அந்தப் பிள்ளையைப் பிய்த்து எடுத்துவிட்டார்கள். "நெஞ்சில தைரியம் இல்லை", "தலை வேலை செய்யலை", "அப்பவே மாத்தியிருக்கணும்". கடலையை மென்றுகொண்டே பேசுகிறார்கள்.

அந்த நேரத்தில்தான் என் வீட்டுக்காரரிடமிருந்து போன். அங்கே இரவு எட்டரை என்றால் நம் ஊரில் காலை எட்டு மணி. அரைப் பரீட்சை மார்க் வந்துவிட்டதாம். கணக்கில் 41. தெரிந்த இரண்டு பெரிய கணக்கை எழுதாமலே விட்டிருக்கிறான். "கையே ஓடலைப்பா" என்றானாம். மார்க் குறைந்தவர்களைப் பள்ளிக்கூடத்தில் 'ஏ' செக்‌ஷனிலிருந்து எடுத்து 'பி'யில் போட்டுவிட்டார்கள். பொதுப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது! அதற்குள் சொந்தக்காரர்கள் வாட்ஸப்பில் விசாரணைக் கமிஷனே வைத்துவிட்டார்கள். "பரீட்சை பயம்", "அம்மா இல்லாததால்தான்", "பத்தாவதில் 97 வாங்கியது குருட்டு அதிர்ஷ்டம்". 

பிள்ளையிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். என்ன பேசினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. "பத்தாவதுல 97 வாங்கினவனுக்கு இப்ப என்ன கேடு? நாலு பேர் முன்னால என் மானத்தை வாங்கிட்டியே" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. "ஸ்கூலுக்கு நேரமாச்சும்மா" என்று வைத்துவிட்டான்.

கூடத்துக்குத் திரும்பி வந்தால் இரண்டாம் பாதியில் ஹர்ட்ஸைக் காணோம். பயிற்சியாளர் நிக் சேபன் அவனை வெளியே உட்கார வைத்துவிட்டு, துவா டங்கோவைலோவா என்று ஹவாயிலிருந்து வந்த புதுப் பையனை இறக்கிவிட்டார். இடது கைக்காரன். இரண்டு பேருக்கும் வயது 19தான். மாப்பிள்ளை நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்து கைதட்டினார். பக்கத்து வீட்டு அம்மாள் மட்டும் கைதட்டவில்லை. ஏதோ முணுமுணுத்தார். "இதை எங்கேயோ உட்கார்ந்து அவனைப் பெத்தவ பார்த்துக்கிட்டு இருப்பாளே" என்றாராம். தங்கைதான் சொன்னாள். எனக்கு வயிற்றில் ஏதோ பிசைந்தது.

புதுப் பையனும் லேசில் ஜெயித்துவிடவில்லை. நடுவில் ஒரு பந்தை நேராக எதிராளி கையிலேயே கொடுத்தான். அப்புறம் சமாளித்து 20க்கு 20 ஆக்கினான். கடைசியில் 36 கஜத்திலிருந்து உதைத்தால் ஜெயம் என்கிற நிலையில் உதைக்கிறவன் தவற விட்டான். கூடுதல் ஆட்டம். ஜார்ஜியா மூன்று புள்ளி எடுத்துவிட்டது. அலபாமா முறை வந்ததும் முதல் பந்திலேயே துவா பின்னால் ஓடி ஓடி 16 கஜம் தூரத்தில் மாட்டிக்கொண்டு விழுந்தான். "போச்சு! சின்னப் பையனை இறக்கினா இப்படித்தான்" என்று சொன்னது யார் தெரியுமா? முதலில் துள்ளிக் கைதட்டின அதே மாப்பிள்ளை! அடுத்த பந்து 41 கஜம். டெவாண்டா ஸ்மித் என்கிற பையன் ஓடிப்போய்ப் பிடித்தான். 26க்கு 23, அலபாமா ஜெயம். இவர்கள் போட்ட கூச்சலில் குழந்தை வீறிட்டு அழுதது, நான் சமையலறைக்கு ஓடினேன்.

மறுநாள் நானே ஊருக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. பெற்ற பிள்ளையிடம் நமக்கு அது வருவதே இல்லை. அதனால் ஆட்டக் கதையைச் சொன்னேன். துவா இப்படி எறிந்தான், அப்படி ஜெயித்தான் என்று ஒரே அளப்பு. எல்லாம் கேட்டுவிட்டு என் பிள்ளை கேட்டான்: "அந்த உட்கார வெச்ச பையன் என்னம்மா பண்ணான்?"

எனக்குத் தெரியவில்லை. நான் அவனைப் பார்க்கவே இல்லையே!

மாப்பிள்ளையிடம் சொல்லி, பதிவு செய்து வைத்திருந்த ஆட்டத்தை மறுபடி போடச் சொன்னேன். "ஜெயிச்ச இடத்தைப் பார்க்கணுமா அக்கா?" என்றார். "இல்லை, தோத்த பையனைக் காட்டுங்க" என்றேன். அங்கங்கே ஓரத்தில் தெரிந்தான். மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கவில்லை. மற்ற பிள்ளைகளோடு நின்று, தன் இடத்துக்கு வந்தவனுக்காகக் கைதட்டிக்கொண்டிருந்தான். கொண்டாட்டத்திலும் சேர்ந்தே இருந்தான். உள்ளுக்குள் என்ன இருந்ததோ, நமக்கென்ன தெரியும்? இதைப் பிள்ளையிடம் சொன்னேன். "ம்" என்றான். "திரும்ப ஆட விடுவாங்களாம்மா?" என்றான். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

பிப்ரவரி கடைசியில் ஊருக்குத் திரும்பினேன். எங்கள் குடும்ப டாக்டரிடம் பிள்ளையை அழைத்துக்கொண்டு போனேன். அவர் சொன்னது எனக்குப் புரிந்த வரையில் இது: பயம் வந்தால் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு படபடக்கும், கை சில்லிட்டுப் போகும், வயிறு கலக்கும். இது வியாதி இல்லை. புலியைக் கண்டால் ஓடுவதற்காக உடம்பு செய்துகொள்கிற ஏற்பாடு. கணக்கின் படிகளை நினைவில் வைத்துக்கொள்ள மூளையில் இருப்பது சின்னச் சிலேட்டு மாதிரி. அதில் "ஃபெயிலாகிவிட்டால்? அப்பா என்ன சொல்வார்? அம்மா என்ன சொல்வாள்?" என்று எழுதி நிரப்பிவிட்டால் கணக்கு எழுத இடம் ஏது? 'அம்மா என்ன சொல்வாள்' என்று சொல்லும்போது அவர் என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. என் குற்ற உணர்ச்சியாகவும் இருக்கலாம்.

அலபாமாவில் கேட்ட ஒரு விஷயமும் அப்போது நினைவுக்கு வந்தது. வெளியூர் ஆட்டத்துக்குப் போகுமுன் இந்த அணிகள் பயிற்சி மைதானத்தில் ஸ்பீக்கர் வைத்துக் காது கிழிகிற கூச்சலைப் போட்டுவிட்டு அதற்கு நடுவில்தான் பழகுமாம். அன்று அந்த இரைச்சல் புதிதாக இருக்கக்கூடாதே என்று. நானும் அதையே செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பிள்ளையைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்துப் பழைய கேள்வித்தாளைக் கொடுத்துவிடுவேன். கடிகாரம் எதிரில். குக்கர் விசில் அடிக்கும், மிக்ஸி ஓடும், மாமியார் டி.வி. போடுவார், கொரியர்காரன் பெல் அடிப்பான். எதற்கும் எழுந்திருக்கக்கூடாது. முதல் வாரம் "இது என்னம்மா ஹிம்சை" என்றான். மூன்றாவது வாரம் மிக்ஸி ஓடியதே தெரியாது என்றான். பரீட்சை வருவதற்குள் நாலு ஞாயிறுகூடக் கிடைக்கவில்லை, பிளஸ் டூவில்தான் இதை ஒழுங்காகச் செய்ய முடிந்தது.

மற்றதெல்லாம் சின்ன விஷயங்கள்தான். பரீட்சைக்கு முந்தின ராத்திரி பத்தரைக்கு மேல் விளக்கு எரியக்கூடாது. காலையில் நாலு இட்லி, தொட்டுக்கொள்ள அவனுக்குப் பிடித்தது எதுவோ அது. பூரி, பொங்கல் வேண்டாம், தூக்கம் வரும். ஹாலில் கை ஓடவில்லை என்றால் பேனாவை வைத்துவிட்டு, மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக விட வேண்டும். ஐந்தாறு தடவை. பிறகு தெரிந்த ஒரு சின்னக் கேள்வியில் ஆரம்பிக்கலாம். வீட்டுக்கு வந்ததும் கேள்வித்தாளைப் பிடுங்காதீர்கள், முதலில் சோறு போடுங்கள். இதில் நான் இரண்டு தடவை தவறினேன். நாக்கை அடக்குவது சுலபமில்லை. ஆனால் பிள்ளை நாள் கணக்கில் தூங்காமல், சாப்பிடாமல் இருந்தாலோ, "நான் எதுக்கு இருக்கணும்" என்ற மாதிரி ஏதாவது சொன்னாலோ, இந்த மூச்சுப் பயிற்சியெல்லாம் போதாது. உடனே டாக்டரிடம் போங்கள். 14416 என்ற இலவச எண்ணில் மனநல ஆலோசகர்கள் ராப்பகல் பேசுகிறார்கள், தமிழிலும் பேசலாம்.

பிளஸ் ஒன்னில் கணக்கு 58, பிளஸ் டூவில் 71. கதைகளில் வருகிற மாதிரி நூறெல்லாம் வாங்கவில்லை. 'ஏ' செக்‌ஷனுக்கும் திருப்பி எடுக்கவில்லை.

ஹர்ட்ஸ் கதையைச் சொல்ல மறந்துவிட்டேனே! 2018இல் முதல் இடம் துவாவுக்கே போய்விட்டது. வேறு காலேஜுக்குப் போய்விடுவான் என்று எல்லாரும் பேசினார்கள். அவன் போகவில்லை, அந்த வருஷம் முழுக்க இரண்டாம் ஆளாகவே இருந்தான். டிசம்பர் 2, ஞாயிறு. காலை ஆறரை மணிக்குப் பால் பொங்குகிற நேரத்தில் மாப்பிள்ளையின் போன். என்னவோ ஏதோ என்று பதறிப் போனேன். "அக்கா, அந்தப் பையன்!" என்று கத்துகிறார். அங்கே சனிக்கிழமை சாயங்காலம், அதே அட்லாண்டா மைதானம், எதிரில் அதே ஜார்ஜியா. 28க்கு 21 என்று அலபாமா பின்தங்கியிருக்கும்போது துவாவுக்குக் கணுக்காலில் அடி. ஹர்ட்ஸ் இறங்கினான். ஒன்பது தடவை எறிந்து ஏழு சேர்ந்தது. ஆட்டம் முடிய ஒரு நிமிஷம் இருக்கும்போது 15 கஜம் தானே ஓடி, 35க்கு 28 என்று ஜெயித்துக் கொடுத்தான். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நான் போய்ப் பிள்ளையை எழுப்பினேன். "ஆட விட்டாங்கடா" என்றேன். அரைத் தூக்கத்தில் "யாரை?" என்றான், அப்புறம் எழுந்து உட்கார்ந்துகொண்டான்.

அடுத்த மாத ஃபைனலில் துவா ஆடினான், கிளெம்சனிடம் 44க்கு 16 என்று தோல்வி. உடனே "துவாவுக்குப் பெரிய ஆட்டம்னா கை வராது" என்று ஆரம்பித்துவிட்டார்களாம். வாய்க்குப் பிடித்துக்கொள்ள யாராவது ஒருத்தன் வேண்டும்.

ஹர்ட்ஸ் டிகிரியை முடித்துவிட்டு 2019இல் ஓக்லஹோமாவுக்குப் போனான். பிறகு பிலடெல்பியா ஈகிள்ஸ் என்ற தொழில்முறை அணி எடுத்துக்கொண்டது. 2023 பிப்ரவரியில் சூப்பர் பௌல் என்கிற பெரிய ஃபைனலில் 38க்கு 35 தோல்வி. தோற்று வெளியே நடந்து போகிற தன் படத்தைச் செல்போனில் முதல் படமாக வைத்திருந்தானாம். அவ்வளவு ரோஷம் நல்லதா என்று எனக்குச் சந்தேகம்தான். என் பிள்ளை அப்படி வைத்திருந்தால் அழித்துவிட்டிருப்பேன். 2025 பிப்ரவரியில் மறுபடி அதே எதிரி, கன்சாஸ் சிட்டி. இந்தத் தடவை 40க்கு 22. சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவனுக்கே. அவன் எறிந்த ஒரு 46 கஜப் பந்தைப் பிடித்தவன் யார் என்று நினைக்கிறீர்கள்? டெவாண்டா ஸ்மித். 2018இல் துவா எறிந்த பந்தைப் பிடித்தானே, அதே பையன்.

அந்தத் திங்கட்கிழமை காலை என் பிள்ளை ஓசூரிலிருந்து போன் செய்தான், அங்கேதான் வேலை. "பார்த்தியாம்மா?" என்றான். நான் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். 2018இல் அவனிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை அன்றைக்கும் கேட்கவில்லை. இந்தப் பக்கத்தை அவன் படிப்பான் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

மாப்பிள்ளை மாறவில்லை. "எதிரணி சரியா ஆடலை அக்கா, அதான்" என்று அன்றைக்கே வாட்ஸப்பில் போட்டார். அன்று என் மடியில் கிடந்த குழந்தை இப்போது பியானோ கற்றுக்கொள்கிறாள். போன வாரம் தங்கை போனில் அழாத குறை. "கச்சேரின்னு வெச்சா இவர் முதல் வரிசையில உட்கார்ந்து தொடையில தாளம் போடறார். அவ அதைப் பார்த்தே தப்பா வாசிக்கிறா. என்ன பண்றது அக்கா?" என்றாள்.

"பாதியிலேயே அவரைக் கொண்டுபோய் வெளியே உட்கார வை" என்றேன்.